பக்கத்துக் கேலக்ஸியில் ஆண்டுக்கு எத்தனை சூரியன் பிறக்கிறது? நீங்களே அளக்க ஒரு வழிகாட்டி

முதுகலை இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த திட்டப்பணி ஒரே வரிதான்: அருகிலுள்ள ஒரு சுருள் கேலக்ஸியில் ஆண்டுக்கு எவ்வளவு வாயு விண்மீன்களாக மாறுகிறது என்று அளந்து சொல். படங்கள் இலவசம், மென்பொருள் இலவசம், சூத்திரமும் ஒரு வரிதான். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் வானியலில் போகவில்லை. எந்த ஃபைல், எந்த அலகு, யார் சொன்ன தூரம் என்ற குழப்பத்திலேயே போனது. அந்த மூன்று மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

இளநிலை இயற்பியல் படித்து, பைத்தானில் நாலு வரி எழுதத் தெரிந்தால் போதும். வழி நெடுக ஒரே கேலக்ஸியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்: மீன ராசியில் இருக்கும் எம்74, பட்டியல் பெயர் என்ஜிசி 628. கிட்டத்தட்ட முழு முகத்தையும் நம் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும் அழகான சுருள்.

1. எந்த ஒளியை வைத்து அளப்பது?

விண்மீன்கள் பிறப்பதை நேரில் எண்ண முடியாது. சீக்கிரம் செத்துப்போகும் பெரிய விண்மீன்களின் ஒளியை அளந்து, மற்றதைக் கணக்கால் நிரப்புகிறோம். எந்த ஒளியை எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்து எவ்வளவு பின்னோக்கிப் பார்க்கிறீர்கள் என்பது மாறும். ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளி கடந்த 30 லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டு வரையிலான பிறப்பைக் காட்டும். தொலைப் புற ஊதா ஒளி சுமார் பத்துக் கோடி ஆண்டு வரை பின்னால் போகும். இரண்டு அளவும் ஒரே கேலக்ஸியில் கொஞ்சம் வேறுபட்டால் பதற வேண்டாம். ஏதோ தப்பு என்று ஆகிவிடாது.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது: தொலைப் புற ஊதாவையும் 22 மைக்ரான் அகச்சிவப்பையும் சேர்த்து எடுங்கள். இளம் விண்மீன்களின் புற ஊதா ஒளியில் ஒரு பகுதியைத் தூசி விழுங்கிச் சூடாகிறது. அந்தச் சூடு அகச்சிவப்பாக வெளியே வருகிறது. தப்பி வந்ததையும் விழுங்கப்பட்டதையும் கூட்டினால் கணக்கு நேராகும். முதலாவதை கேலெக்ஸ் விண்கலமும் இரண்டாவதை வைஸ் விண்கலமும் வானத்தின் பெரும்பகுதிக்கு ஏற்கெனவே படம் எடுத்து வைத்திருக்கின்றன.

ஹைட்ரஜன் ஆல்ஃபா படங்கள் பார்க்க அழகாக இருக்கும், ஆசையும் வரும். ஆனால் குறுகிய வடிகட்டியில் பக்கத்து நைட்ரஜன் கோடுகளும் சேர்ந்தே வரும்; பழைய விண்மீன்களின் தொடரொளியைத் தனியாகக் கழிக்கவும் வேண்டும். அதை இரண்டாவது கேலக்ஸிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. கேலக்ஸியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முயற்சிக்கு வானில் 3 முதல் 15 ஆர்க் நிமிடம் (ஒரு பாகையில் 60 ஆர்க் நிமிடம்) அகலமுள்ள, விளிம்பு காட்டாத சுருள் கேலக்ஸி நல்லது. எம்74-இன் அளவு 10.5-க்கு 9.5 ஆர்க் நிமிடம்.

சில வகைகளைத் தொடாதீர்கள். என்ஜிசி 1068 போன்றவற்றில் நடுவிலிருக்கும் கருந்துளையைச் சுற்றிய தூசியே 22 மைக்ரானில் கொழுந்துவிட்டு எரியும். அதை விண்மீன் பிறப்பு என்று எண்ணினால் விடை எங்கோ போய்விடும். நீள்வட்டக் கேலக்ஸிகளில் வயதான விண்மீன்களே புற ஊதாவில் ஒளிர்வதுண்டு. ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு சூரிய நிறைக்கும் குறைவாகவே விண்மீன்கள் பிறக்கும் குட்டிக் கேலக்ஸிகளில், அந்த நேரத்தில் ஒரு பெரிய விண்மீன் இருக்கிறதா இல்லையா என்பதிலேயே எண் ஆடும்.

நம் பால்வழியின் தூசியையும் பாருங்கள். என்ஜிசி 6946 பட்டாசு மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் திசையில் நம் தூசியின் சிவப்பேற்றம் (நீல ஒளியை அதிகம் விழுங்கித் தூசி நிறத்தைச் சிவப்பாக்கும் அளவு) சுமார் 0.3. புற ஊதாவில் அதை 8-ஆல் பெருக்க வேண்டும், அதாவது 2.4 மேக்னிட்யூட் (ஒளியை அளக்கும் மடக்கை அளவுகோல்; எண் கூடினால் மங்கல்). வந்த ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் நமக்குக் கிடைக்கிறது. எம்74 பக்கம் சிவப்பேற்றம் 0.06-தான்.

3. படத்தைத் தொடும் முன் ஒரு தாள்

இதைத்தான் நான் செய்யாமல் விட்டேன். ஒரு விரிதாளைத் திறந்து இவற்றை எழுதுங்கள்: கேலக்ஸியின் மையம், நீள அகல அளவு, சாய்வு, தூரம், தூரம் எந்த முறையில் வந்தது, பால்வழிச் சிவப்பேற்றம், படங்களின் அடையாள எண்கள், பதிவிறக்கிய தேதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் இருக்கட்டும். முதல் ஆறும் நெட் (NED) என்ற கேலக்ஸித் தரவுத்தளத்தில் அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும்.

இதில் தூரம்தான் பெரிய கண்ணி. ஒளிர்வு தூரத்தின் இருபடியில் ஏறும். எம்74-க்குப் பழைய கட்டுரைகள் பலவற்றில் 7.2 அல்லது 7.3 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) என்று இருக்கும். ஹபிள் படங்களில் சிவப்பு ராட்சதக் கிளையின் உச்சியை, அதாவது ஏறத்தாழ ஒரே ஒளிர்வுள்ள மிகப் பளிச்சென்ற சிவப்பு ராட்சத விண்மீன்களை, வைத்து அளந்தால் 9.84 வருகிறது. இந்த ஒரு எண்ணை மாற்றினாலே விடை 1.87 மடங்காகிறது. நெட்டில் ஒரு கேலக்ஸிக்கு இருபது முப்பது தூரங்கள் பட்டியலாக வரும். சராசரி எடுக்காதீர்கள். செஃபீடு விண்மீன்கள் (துடிக்கும் கால அளவிலிருந்து உண்மை ஒளிர்வு தெரிபவை) அல்லது ராட்சதக் கிளை உச்சி வழியாக வந்த புதிய அளவைத் தேர்ந்தெடுத்து, அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

செந்நகர்ச்சியை ஹபிள் மாறிலியால் வகுத்துத் தூரம் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். அருகிலுள்ளவற்றுக்கு வேண்டாம். கன்னிக் கொத்திலுள்ள எம்90 நம்மை நோக்கி விநாடிக்குச் சுமார் 235 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த வழியில் போட்டால் தூரம் எதிர்ம எண்ணாக வரும்!

4. படங்களை இறக்குதல்

கேலெக்ஸ் படங்கள் மாஸ்ட் காப்பகத்தில் இருக்கின்றன. கணக்கு தொடங்கத் தேவையில்லை, பணமும் இல்லை. கேலக்ஸியின் பெயரைக் கொடுத்தால் பல துண்டுகள் வரும். வானம் முழுக்க எடுத்த மேலோட்டப் படங்கள் சுமார் 100 விநாடி மட்டுமே. அருகிலுள்ள கேலக்ஸிகளுக்கென்று எடுத்தவை 1500 விநாடி அளவில் இருக்கும். நீளமானதை எடுங்கள். கேலக்ஸி படத்தின் விளிம்பில் இல்லாமல் நடுப்பகுதியில் விழுகிறதா என்றும் பாருங்கள். விளிம்பில் கோளாறுகள் அதிகம். 2009 மே மாதத்தில் தொலைப் புற ஊதாக் கருவி நின்றுபோனது. அதற்குப் பிந்தைய துண்டுகளில் அண்மைப் புற ஊதா மட்டுமே இருக்கும். நமக்கு அது போதாது.

ஒரு துண்டுக்குள் பல ஃபைல்கள். பெயர் 'இன்ட்' என்று முடிவதுதான் வேண்டும். அது விநாடிக்கு எத்தனை ஒளித்துகள் என்ற படம். 'சிஎன்டி' என்பது மொத்த எண்ணிக்கை, நேரத்தால் வகுக்காதது. நான் முதல் வாரம் முழுக்க சிஎன்டி படத்தில் கணக்குப் போட்டு, என் கேலக்ஸியில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான சூரியன்கள் பிறப்பதாகக் குதித்துக்கொண்டிருந்தேன். நம் பால்வழியிலேயே ஆண்டுக்கு இரண்டு சூரிய நிறைக்குள்தான். இந்த எண்ணை மனதில் வைத்திருங்கள், பெரிய தப்புகளை அது ஒன்றே பிடித்துவிடும்.

வைஸ் படங்கள் இர்சா காப்பகத்தில். அட்லஸ் படங்களில் நான்காவது பட்டையை, அதாவது டபிள்யூ4-ஐ, கேலக்ஸியைச் சுற்றி அரை பாகை வெட்டி எடுங்கள். இதே வைஸ் படங்களை வேறு சிலரும் மறுபடி அடுக்கி வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றில் அலகும் பிக்ஸல் அளவும் வேறு. ஒன்றின் சூத்திரத்தை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

இன்னொரு குறுக்கு வழி ஆபத்தானது: படமே வேண்டாம், பட்டியலிலிருந்து மேக்னிட்யூடை எடுத்துக்கொள்ளலாம் என்பது. அந்தப் பட்டியல்கள் புள்ளி மாதிரித் தெரியும் பொருள்களுக்காகச் செய்தவை. பத்து ஆர்க் நிமிடக் கேலக்ஸியை அவை சுக்குநூறாக உடைத்து ஒவ்வொரு துணுக்கையும் தனிப் பொருளாக எழுதி வைத்திருக்கும்.

நியாயமான குறுக்கு வழியும் ஒன்று உண்டு. 2019-இல் லெராய் குழுவினர் வெளியிட்ட அட்லஸில் சுமார் 15,750 அருகிலுள்ள கேலக்ஸிகளின் கேலெக்ஸ், வைஸ் படங்கள் பின்னணி கழித்து, ஒரே தெளிவுக்குக் கொண்டுவந்து, இர்சாவில் கிடைக்கின்றன. முதல் கேலக்ஸியை நீங்களே செய்யுங்கள். அப்புறம் இதோடு ஒப்பிடுங்கள்.

5. பின்னணியைக் கழித்தல்

அவசரப்படக்கூடாத இடம் இதுதான். கேலக்ஸி இல்லாத வெற்று வானமும் ஒளிர்கிறது. அதைச் சரியாகக் கழிக்காவிட்டால் மேலே செய்தது அத்தனையும் வீண்.

எவ்வளவு வீண் என்று பாருங்கள். எம்74-ஐச் சுற்றி 10.5-க்கு 9.5 ஆர்க் நிமிட நீள்வட்டம் போட்டால் வைஸ் அட்லஸ் படத்தில் அதற்குள் ஏறத்தாழ 1,49,000 பிக்ஸல்கள் விழும். கேலக்ஸியின் மொத்த அளவு, அதாவது பிக்ஸல் மதிப்புகளின் கூட்டுத்தொகை, 60,000 எண்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பிக்ஸலுக்குச் சராசரி 0.4. படத்தின் பின்னணி அதைவிடப் பல மடங்கு பெரியது. பின்னணியை ஒரு பிக்ஸலுக்கு வெறும் 0.1 தப்பாக மதிப்பிட்டால் மொத்தத்தில் 15,000 எண்கள் போய்விடும், கால்வாசி! புற ஊதாவில் வானம் இருட்டு என்பதால் அங்கே இவ்வளவு மோசமில்லை.

செய்முறை இது. டிஎஸ்9 என்ற படம் பார்க்கும் மென்பொருளில் படத்தைத் திறந்து, மங்கலான பகுதி தெரியும்படி அளவுகோலை இழுத்துவிட்டு, கேலக்ஸி எங்கே முடிகிறது என்று கண்ணால் பாருங்கள். முன்னால் நிற்கும் நம் பால்வழி விண்மீன்களையும் பின்னால் இருக்கும் கேலக்ஸிகளையும் மறைத்துவிடுங்கள். தொலைப் புற ஊதாவில் மங்கி, அண்மைப் புற ஊதாவில் பளிச்சென்று, ஊசிமுனை மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் விண்மீன். பிறகு கேலக்ஸிக்கு நன்றாக வெளியே ஒரு வளையம் போட்டு அதன் இடைநிலை மதிப்பை எடுங்கள். சராசரி வேண்டாம், மறைக்காமல் விட்ட ஒரு விண்மீன் சராசரியை இழுத்துவிடும்.

வளையம் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். கேலக்ஸியைச் சுற்றி எட்டுப் பத்துப் பெட்டிகள் போட்டுத் தனித்தனியே அளந்து பாருங்கள். வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று என்று மதிப்பு சரிந்தால் பின்னணி சமதளம் இல்லை. சாய்தளம் பொருத்திக் கழிக்க வேண்டும். பெட்டிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை விரிதாளில் எழுதி வையுங்கள், பிழைக் கணக்குக்கு அதுதான் வேண்டும்.

வளையம் எவ்வளவு வெளியே? எம்83 மாதிரிச் சிலவற்றில் கண்ணுக்குத் தெரியும் தட்டைத் தாண்டியும் புற ஊதாக் கைகள் வெகுதூரம் நீளும். ஒளியியல் படத்தைப் பார்த்து வளையம் போட்டால் கேலக்ஸியையே பின்னணி என்று கழித்துவிடுவீர்கள்.

6. கூட்டுதல், அலகு மாற்றுதல்

பைத்தானின் ஃபோட்யூட்டில்ஸ் தொகுப்பில் நீள்வட்டம் போட்டுக் கூட்டுவது மூன்று வரி வேலை. இரண்டு படத்துக்கும் ஒரே நீள்வட்டம், வானக் கோணத்தில். பிக்ஸலில் போடாதீர்கள், கேலெக்ஸ் பிக்ஸல் 1.5 ஆர்க் செகண்ட், வைஸ் 1.375. டபிள்யூ4 ஏறத்தாழ 12 ஆர்க் செகண்ட் மங்கலானது. மொத்த அளவுக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம். பிக்ஸல் பிக்ஸலாக வரைபடம் செய்தால் மட்டும் இரண்டையும் ஒரே மங்கலுக்குக் கொண்டுவர வேண்டும்.

இனி எண்கள். கையில் வந்தது இது என்று வைத்துக்கொள்வோம்: தொலைப் புற ஊதாவில் விநாடிக்கு 700 ஒளித்துகள், டபிள்யூ4-இல் 60,000 எண்கள்.

கேலெக்ஸின் தொலைப் புற ஊதாப் பூச்சியப் புள்ளி, அதாவது விநாடிக்கு ஒரு ஒளித்துகள் வந்தால் ஆகும் மேக்னிட்யூட், 18.82, ஏபி முறையில். 700-இன் பத்தடிமான மடக்கையை 2.5-ஆல் பெருக்கிக் கழித்தால் 11.71 மேக்னிட்யூட். பால்வழித் தூசிக்காக 0.5 குறைத்தால் 11.21. ஏபி முறையில் பூச்சிய மேக்னிட்யூட் 3631 ஜான்ஸ்கி (வந்து சேரும் ஒளிப்பாய்வின் அலகு), ஆக நமக்கு 0.119 ஜான்ஸ்கி.

வைஸ் அட்லஸ் படத்தில் டபிள்யூ4-இன் ஓர் எண் 5.2269 × 10⁻⁵ ஜான்ஸ்கி. 60,000-க்கு 3.14 ஜான்ஸ்கி. நேரே இப்படிப் பெருக்குவதே பாதுகாப்பு. மேக்னிட்யூட் வழியாகப் போனால், கேலெக்ஸ் ஏபி முறை, வைஸ் வேகா முறை (வேகா விண்மீனைப் பூச்சியமாக வைப்பது) என்பது மறந்துபோகும். டபிள்யூ4-இல் இரண்டுக்கும் இடைவெளி 6.62 மேக்னிட்யூட், அதாவது 440 மடங்குக்கு மேல்! இவ்வளவு பெரிய தப்பு கண்ணில் படாமல் போகுமா என்று கேட்பீர்கள். எனக்கு இரண்டு வாரம் படவில்லை.

7. ஒளிர்விலிருந்து வீதத்துக்கு

தூரம் 9.84 மெகாபார்செக் என்றால், அந்த ஆரமுள்ள கோளத்தின் பரப்பு 1.16 × 10⁵² சதுர சென்டிமீட்டர். ஜான்ஸ்கியை 10⁻²³-ஆல் பெருக்கி, அதிர்வெண்ணால் பெருக்கி, இந்தப் பரப்பாலும் பெருக்குங்கள். தொலைப் புற ஊதாவின் அதிர்வெண் 1.95 × 10¹⁵ ஹெர்ட்ஸ், 22 மைக்ரானுக்கு 1.36 × 10¹³. கிடைப்பது முறையே விநாடிக்கு 2.69 × 10⁴³ எர்க், 4.9 × 10⁴² எர்க்.

கென்னிகட், எவன்ஸ் இருவரும் 2012-இல் எழுதிய மீளாய்வுக் கட்டுரையில் உள்ள அட்டவணைப்படி, 25 மைக்ரான் ஒளிர்வை 3.89-ஆல் பெருக்கிப் புற ஊதா ஒளிர்வோடு கூட்டினால் தூசி விழுங்கியது திரும்பிவிடும். 22 மைக்ரானை 25-க்குப் பதிலாக வைப்பதால் சிறு வித்தியாசமே. கூட்டுத்தொகை 4.6 × 10⁴³. அதை 10-இன் 43.35-ஆம் அடுக்கால், அதாவது 2.24 × 10⁴³-ஆல் வகுத்தால் 2.1. ஆண்டுக்கு இரண்டு சூரிய நிறையைக் கொஞ்சம் தாண்டுகிறது. தூசியை மறந்திருந்தால் 1.2-தான் வந்திருக்கும்.

அடுத்த கண்ணி இங்கேதான். ஒளிர்வை நிறையாக மாற்றும்போது, ஒரு பெரிய விண்மீனுக்கு எத்தனை சிறிய விண்மீன்கள் கூடப் பிறக்கின்றன என்ற ஊகம் உள்ளே இருக்கிறது. 2012 அட்டவணையில் இருப்பது க்ரூப்பா ஊகம். கென்னிகட்டின் 1998 சூத்திரங்களில் இருப்பது சால்பீட்டர் ஊகம். அதில் புற ஊதா வீதம் சுமார் 1.6 மடங்கு கூடுதலாக வரும். உங்கள் 2.1 அங்கே 3.3 ஆகிவிடும். மறுபக்கம், 7.2 மெகாபார்செக் தூரத்தைப் போட்டால் 1.1. படத்தில் ஒரு பிக்ஸலைக்கூடத் தொடாமல் மூன்று மடங்கு ஆட்டம்! பிறர் எண்ணோடு ஒப்பிடும் முன் அந்த எண்ணை உங்கள் தூரத்துக்கும் உங்கள் ஊகத்துக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். ஃபேங்ஸ் ஆய்வுக் குழு இதே 9.84 தூரத்தில் எம்74-க்குத் தருவது சுமார் 1.7. சற்று வேறான குணகங்கள் அவர்களுடையவை. நீங்கள் 1.5-க்கும் 2.3-க்கும் இடையில் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

8. பிழை எழுதுதல்

முதல் வரைவில் நான் 2.06 ± 0.004 என்று எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டி சிரித்துவிட்டு, "கேலக்ஸியை நகைக்கடைத் தராசிலா நிறுத்தாய்?" என்றார். ஒளித்துகள் எண்ணும் பிழை மட்டும்தான் அதில் இருந்தது. 1500 விநாடியில் பத்து லட்சம் துகள் வந்தால் அது ஆயிரத்தில் ஒரு பங்குதான். உண்மையான பிழைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. கருவி அளவுத்திருத்தம் சுமார் 5 சதவீதம். பின்னணி, உங்கள் பெட்டிகள் சொல்வதுபோல். தூரம் 6 சதவீதம் ஆடினால் ஒளிர்வு 12, 13 சதவீதம் ஆடும். எல்லாவற்றுக்கும் மேலே சூத்திரத்தின் நிச்சயமின்மை, 25 முதல் 60 சதவீதம் வரை. கருவி, பின்னணிப் பிழைகளை ஒரு எண்ணாகவும், தூரத்தையும் சூத்திரத்தையும் தனியாகவும் எழுதுங்கள்.

9. செலவும் நேரமும்

தரவு, மென்பொருள், ஆய்வுக் கட்டுரைகளின் முன்பதிப்புகள் எல்லாமே இலவசம். கேலெக்ஸ் படம் ஒன்று விரித்தால் 60 எம்பிக்குள், வைஸ் முழுத் துண்டு 67 எம்பி. 8 ஜிபி நினைவகமுள்ள பழைய லேப்டாப்பே போதும். இதற்கென்று புதுக் கணினி வாங்கச் சொன்னால் நம்பாதீர்கள்.

நேரத்துக்கு என் கணக்கு: தாள் தயாரிக்க ஒரு நாள், பதிவிறக்கமும் சரிபார்ப்பும் ஒரு நாள், பின்னணிக்கு மூன்று நாள், கணக்குக்கு ஒரு நாள், பிழைக்கு இரண்டு நாள். முதல் முறை இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் நன்றியுரையை மறக்க வேண்டாம். மாஸ்ட், இர்சா, நெட் மூன்றுமே எந்த வாசகத்தைப் போட வேண்டும் என்று தங்கள் பக்கத்தில் கொடுத்திருக்கின்றன. அப்படியே எடுத்துப் போடுங்கள்.

இதை முடித்த பிறகு சுருள் கைகளில் எந்தத் திட்டில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஆசை வந்தால், கேலெக்ஸின் 4 ஆர்க் செகண்ட் தெளிவு பற்றாது. 2015-இல் இஸ்ரோ அனுப்பிய அஸ்ட்ரோசாட்டில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கியின் தெளிவு 1.5 ஆர்க் செகண்ட் அளவு. அதில் எம்74-ஐயும் எடுத்திருக்கிறார்கள். இஸ்ரோவின் அறிவியல் தரவு மையத்தில் பதிவு செய்துகொண்டு தேடுங்கள். அதன் பூச்சியப் புள்ளி ஒவ்வொரு வடிகட்டிக்கும் வேறு. மேலே சொன்ன 18.82-ஐ அங்கே போட்டுவிடாதீர்கள்.